கோதுமை, ஜெனரேட்டர், துப்பாக்கி: ஒய்2கே-க்குத் தயாரான ஓர் ஓஹையோ குடும்பம்

எதற்காக இதை எழுதுகிறேன்

1999 டிசம்பர் 31 நள்ளிரவோடு கணினிகள் 2000-ஆம் வருடத்தைத் தவறாகப் படித்து (இந்தக் கோளாறைத்தான் ஒய்2கே என்றார்கள்) மின்சாரம், வங்கி, தண்ணீர் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பியவர்களைப் பற்றி இப்போது பேசினால் சிரிப்புதான் வருகிறது. பாதாள அறையில் டின் உணவு, மடியில் துப்பாக்கி, வாயில் பைபிள் வசனம் என்று ஒரு கேலிச்சித்திரம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்த குடும்பம் வேறு மாதிரி. குடும்பத் தலைவர் இருபது வருடத்துக்கு மேல் கோபால் (COBOL) என்கிற கணினி மொழியில் புரோகிராம் எழுதியவர். தேதிக் கோளாறு என்றால் என்ன என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஒய்2கே வேலைக்காகச் சென்னையிலிருந்து அமெரிக்கா போன பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியில் அவருடைய குழுவில்தான் என்னைப் போட்டார்கள். கீழே வருவதில் அலுவலகத்தில் நடந்தது நான் கண்டது. வீட்டில் நடந்தது அவரும் அவர் மனைவியும் பின்னாளில் தனித்தனியாகச் சொன்னது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குத் தென்மேற்கே, நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் தள்ளி, சோளமும் சோயாவும் விளைகிற பகுதியில் அவர்கள் வீடு. அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. மனைவி ஒரு பொது நூலகத்தில் வேலை பார்த்தார். பள்ளிக் கடைசி வருடம் படிக்கிற ஒரு மகன். கிணற்றுத் தண்ணீர்தான், அதுவும் மின்மோட்டாரில். கரண்ட் போனால் குழாயும் போச்சு. அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரே ஒரு வீடு. சாலைக்கு எதிர்ப்புறம், பன்றி வளர்க்கிற எழுபது வயதுத் தம்பதி.

இரண்டு பழைய விஷயங்களைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முதலாவது, 1978 ஜனவரி கடைசி வாரத்தில் வந்த பெரும் பனிப்புயல். ஓஹையோவில் மட்டும் 51 பேர் செத்தார்கள். கார்களைப் பனி மூடிவிட்டது, மின்சாரம் போய்விட்டது, மாநிலம் முழுக்கச் சாலைகள் அடைபட்டன, தேசியக் காவல்படையை இறக்க வேண்டியிருந்தது. அப்போது இவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். எதிர்வீட்டு விவசாயிதான் டிராக்டரில் வந்து இவர்களைக் கூட்டிக்கொண்டுபோய், புயல் ஓயும்வரை தன் வீட்டு விறகடுப்புப் பக்கத்தில் தங்கவைத்தார். அதிலிருந்து இவர்கள் வீட்டு நிலவறையில் எப்போதும் இரண்டு வாரத்துக்கான சாப்பாடு இருக்கும். இதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் புத்தியுள்ள எல்லோரும் செய்வதுதான்.

இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தது. அப்பா கொடுத்த ஒரு பம்ப் ஷாட்கன், அணில் சுட ஒரு .22 ரைஃபிள். நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் நாள் முடிந்ததும் மான் வேட்டை வாரம் வரும். அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். ஓஹையோவில் அப்போது மானைச் சுட நீளத்துப்பாக்கி என்றால் ஷாட்கன்தான், அதில் சிறு ரவைகளுக்குப் பதிலாக ஒற்றைக் குண்டு போட்டுச் சுடுவார்கள். முன்வாயில் மருந்து திணிக்கிற பழைய வகைக்கும் அனுமதி உண்டு. ஆனால் தூரம் போகிற நவீன ரைஃபிளால் மானைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1998: டெஸ்ட் மெஷினில் பார்த்தது

கோளாறின் வேர் எளிமையானது. 60களிலும் 70களிலும் நினைவகமும் டிஸ்கும் யானை விலை விற்றன. அதனால் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினார்கள். 1975 என்பது 75. 2000 வந்தால் 00. அதை 1900 என்று இயந்திரம் எடுத்துக்கொண்டால் கழித்தல் கணக்கெல்லாம் தலைகீழாகும். பீட்டர் டி யேகர் என்கிற கனடாக்காரர் 1993-லேயே ஒரு கணினிப் பத்திரிகையில் இதை உரக்கச் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸ்காரர்களுக்கு அதற்கும் முன்பே தெரியும். முப்பது வருட பாலிசி விற்கிறவன் 1970-லேயே 2000-ஐப் பார்த்தாக வேண்டும்.

எங்கள் கம்பெனி எல்லாத் தேதியையும் நான்கு இலக்கமாக விரிக்கவில்லை. நேரமும் இல்லை, பணமும் இல்லை. 30-க்குக் கீழே இருந்தால் 2000-த்தோடு சேர், மேலே இருந்தால் 1900-த்தோடு சேர் என்று நிரலில் ஒரு எல்லை போட்டோம். பெரும்பாலான கம்பெனிகள் செய்தது இதைத்தான்.

1998 வசந்த காலத்தில் மெயின்ஃப்ரேம் என்கிற பெருங்கணினியின் தனிப் பகுதி ஒன்றில் கடிகாரத்தை 2000 ஜனவரிக்கு நகர்த்தி, திருத்தாத பழைய நிரல்களை ஓட்டிப் பார்த்தோம். பிரீமியம் புதுப்பிக்கும் இரவு வேலை ஆயிரக்கணக்கான பாலிசிகளை, 99 வருடமாகப் பணம் கட்டவில்லை என்று சொல்லிக் காலாவதியாக்கியது. அடுத்த வேலை S0C7 பிழையோடு விழுந்தது, அதாவது எண் இருக்க வேண்டிய இடத்தில் சரியான எண் இல்லை. மெயின்ஃப்ரேம் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குறியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். தரவைச் சேமித்துவைக்கிற காந்த நாடாக்களின் டேப் நூலகத்தில் இன்னொரு வில்லங்கம். 99365 என்று காலாவதித் தேதி போட்டால் ‘என்றைக்கும் அழிக்காதே’ என்று அர்த்தம். 1999-இன் 365-ஆம் நாள் நிஜமாகவே வரும் என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யோசிக்கவில்லை.

இதையெல்லாம் அவர்தான் முன்னால் நின்று சரிசெய்தார். பொறுமையானவர், ஒரு மாற்றத்தை மூன்று தடவை சோதிக்காமல் விடமாட்டார். அந்த வேலை முடிய முடிய அவருக்கு நம்பிக்கை கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவர் சொன்னது இது: நம் கம்பெனியில் இவ்வளவு ஓட்டை இருந்தது, நாம் நல்ல கம்பெனி, அப்படியென்றால் மின்வாரியத்தில் எவ்வளவு இருக்கும்? ரயிலில்? தண்ணீர் சுத்திகரிப்பில்?

கேள்வியில் தப்பு இல்லை. பதிலைத் தேடிய இடத்தில்தான் சிக்கல். மின்சாரத்தைக் கடத்துகிற கருவிகள் பெரும்பாலும் வருடம் என்ன என்றே கேட்பதில்லை. பாலிசியைக் காலாவதியாக்குகிற நிரல் வேறு, மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கரைத் திறந்து மூடுகிற ரிலே என்கிற கருவி வேறு. கணக்கு எழுதுகிற இயந்திரங்களையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு உலகம் முழுக்க அந்த இயந்திரங்களால் ஆனதாகத் தெரிந்தது. அவர் ஒருவர் மட்டுமல்ல. மென்பொருள் துறையில் பெரிய பெயரான எட் யூர்டன் நியூ மெக்சிகோவுக்கே குடிபோனார். ஆர்கன்ஸாவிலிருந்து கேரி நார்த் என்கிற எழுத்தாளர் ஒவ்வொரு துறையின் கெட்ட செய்தியையும் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் இரவில் அதைப் படிப்பார். பகலில் அலுவலகத்தில் பிழை திருத்துவார்.

அரசாங்கம் சொன்னது இன்னொரு சுருதி. 1998 பிப்ரவரியில் கிளின்டன் ஒரு குழு அமைத்து ஜான் காஸ்கினனைத் தலைவராகப் போட்டார். ஒரு நீண்ட வார இறுதிக்குக் குளிர்காலப் புயல் வந்தால் எப்படித் தயாராவீர்களோ அப்படித் தயாராகுங்கள், போதும் என்றது அந்தக் குழு. செஞ்சிலுவைச் சங்கம் சில நாள் முதல் ஒரு வாரம் வரை என்றது. அதே சமயம் மத்திய வங்கி, மக்கள் பணத்தை எடுக்க ஓடினால் வேண்டுமே என்று கூடுதலாக 5,000 கோடி டாலர் நோட்டு அச்சடிக்க ஏற்பாடு செய்தது. ‘ஒன்றும் ஆகாது என்றால் நோட்டு எதற்கு அச்சடிக்கிறான்?’ என்று கேட்டார் நம்மவர். பயந்திருப்பவருக்கு ஆறுதலும் சாட்சியாகிவிடும்.

வீட்டில் சேர்ந்தவை

முதலில் வாங்கியவை எல்லாம் நியாயமானவை, மனைவியும் ஒத்துக்கொண்டவை. ஆழ்கிணற்றில் பொருத்த ஒரு கைப்பம்பு. 5 கிலோவாட் ஜெனரேட்டர். விறகடுப்பு. மண்ணெண்ணெய் விளக்குக்கு கிட்ரன் ஊருக்குப் போனார்கள். மின்சாரம் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் மக்களுக்கான லேமன்ஸ் கடை அங்கேதான் இருக்கிறது. அந்த வருடம் நாடு முழுவதிலிருந்தும் அங்கே ஆர்டர் குவிந்ததால் கேட்டதெல்லாம் உடனே கிடைக்கவில்லை. கடை வாசலில் குதிரைவண்டியில் வந்த ஆமிஷ்காரர்கள், வரிசையில் நின்ற கார்க்காரர்களைக் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்ததாக அவர் மனைவி சொன்னார்.

அப்புறம் கோதுமை. மார்மன் திருச்சபை தன் உறுப்பினர்களுக்கு வழக்கமாகச் சொல்லிவந்த கணக்கு ஒன்று உண்டு: ஒரு வருடத்துக்கு ஆளுக்கு 400 பவுண்ட் தானியம், அதாவது ஏறக்குறைய 180 கிலோ, 60 பவுண்ட் பருப்பு, 60 பவுண்ட் சர்க்கரை. இவர் மார்மன் இல்லை. ஆனால் அப்போது தயாராகிக்கொண்டிருந்த எல்லோர் கையிலும் அந்தக் கணக்குதான். அலுமினியப் பூச்சுள்ள பையில் கோதுமையைக் கொட்டி, ஆக்சிஜனை உறிஞ்சுகிற சிறு பொட்டலங்களை உள்ளே போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் அடைக்க வேண்டும். அரைக்க ஒரு கைத்திரிகை. ஒரு ஞாயிறு மதியம் மகன் அதைச் சுற்றினான். இரண்டு ரொட்டிக்கு மாவு வருவதற்குள் தோள் விட்டுப்போய்விட்டது. வீட்டில் அதுவரை யாரும் முழுக்கோதுமை ரொட்டி விரும்பிச் சாப்பிட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டின் பேரில் கடன் எடுத்தார். ஓய்வூதியச் சேமிப்பைப் பங்குகளிலிருந்து எடுத்து ரொக்கமாக வைத்தார். 1965-க்கு முந்தைய வெள்ளி நாணயங்கள் ஒரு பை. மொத்தம் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது என்று மனைவி சொல்கிறார். அவர் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை.

ரகசியம் முதலில், துப்பாக்கி பிறகு

1999 ஏப்ரல் வாக்கில் ஒரு மாற்றம். அதுவரை தயாரிப்பைப் பற்றி அலுவலகத்தில் சாதாரணமாகப் பேசுவார். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். வாளிகளை இரவில் இறக்கினார். வெளியே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவைத்தார். காரணம், அவர் படித்த இடங்களில் ஒரே அறிவுரை திரும்பத் திரும்ப வந்தது: உன்னிடம் சாப்பாடு இருப்பது தெரிந்தால் இல்லாதவன் எல்லாம் உன் வாசலுக்கு வருவான். நகரத்திலிருந்து பசித்த கூட்டம் நெடுஞ்சாலை வழியே புறப்பட்டு வரும் என்று வரைபடம் போட்டே விளக்கினார்கள்.

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகப் பார்ப்பது இந்த வரிசையைத்தான். முதலில் பண்டம் சேர்ந்தது. பண்டம் சேர்ந்ததால் மறைக்க வேண்டியிருந்தது. மறைத்த பிறகு, காக்க வேண்டியதாயிற்று. புயலுக்குத் தயாரானபோது எதிரி குளிர். இப்போது எதிரி மனிதர்கள். ஒவ்வொரு அடியும் அதற்கு முந்தைய அடியைப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. மொத்தமாகப் பார்க்க வீட்டில் யாரும் உட்காரவில்லை.

அந்த ஏப்ரல் 20-ஆம் தேதி கொலராடோவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தது. உடனே புதிய கட்டுப்பாடு வரப்போகிறது என்ற பேச்சு. துப்பாக்கிக் கடைகளில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்தன: ஜனவரியில் ஊர் கலவரமாகும், அதற்குள் அரசாங்கம் வாங்க முடியாமல் செய்துவிடும். எது முந்துமோ, இன்றைக்கே வாங்கிவிடு. இந்தக் கலப்பைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். ஏனென்றால் ஒய்2கே பயம் மட்டும் இருந்திருந்தால் அவர் ஷாட்கனோடு நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். விற்பனையை முடுக்கியது கடைசித் தேதி, அதுவும் இரண்டு கடைசித் தேதிகள்.

செப்டம்பரில் மாவட்டத் திருவிழா மைதானத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தைக்கு மகனையும் அழைத்துப் போனார். ஒரு மேசையில் ரைஃபிள், அடுத்த மேசையில் வாளிக் கோதுமை, அதற்கடுத்து ராணுவம் கழித்துப்போட்ட வாயுமுகமூடி. எல்லாக் கூட்டமும் ஒன்றாகிவிட்டது. ரூகர் மினி-14 என்கிற ரைஃபிள் ஒன்று வாங்கினார். ராணுவ பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு 1994-ல் வந்த தடைச் சட்டத்தில் அது சிக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம், பத்துக் குண்டுக்கு மேல் கொள்கிற மேகசீன்களை (குண்டு அடைக்கும் பெட்டிகளை) புதிதாகச் செய்து பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்திருந்தது. தடைக்கு முன் செய்த இருபது குண்டு மேகசீன்களை விற்கலாம், விலை மட்டும் ஏறிக்கிடந்தது. அதில் நான்கு வாங்கினார். இரண்டாயிரம் தோட்டா. கடைக்காரரிடம் வாங்கியதால், வாங்குகிறவரின் பின்னணியைப் பார்க்கிற எஃப்.பி.ஐ. சோதனை நடந்தது. தனியாளிடம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை.

அந்தச் சோதனை முறை 1998 நவம்பர் 30-ல்தான் வந்தது. அதன் எண்ணிக்கை ஒரு கதை சொல்கிறது. 1998 டிசம்பரில் ஏறக்குறைய 8.7 லட்சம் சோதனைகள். 1999 டிசம்பரில் 12.5 லட்சம். 2000 ஜனவரியில் 6.4 லட்சம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பரிசும் வேட்டையும் சேர்வதால் எப்போதும் கூடும், ஒரு சோதனை என்றால் ஒரு துப்பாக்கி என்றும் கொள்ள முடியாது. இருந்தாலும் ஒரே வருடத்தில் அந்த உயர்வு வேட்டையால் மட்டும் வந்ததல்ல.

மினி-14-ஆல் ஓஹையோவில் மானைச் சுட முடியாது என்று மேலே சொன்ன சட்டத்தை வைத்துப் பார்த்தால் புரியும். நரி, காட்டு நாய் சுடலாம்தான். அவர் அதற்கு வாங்கவில்லை. அதுவரை அந்த வீட்டில் இருந்த துப்பாக்கிகள் மிருகத்துக்கானவை. இது மனிதருக்கானது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, மனைவி கேட்கும்வரை.

எதிர்வீட்டுக்காரர்

அக்டோபரில் ஒருநாள் எதிர்வீட்டு விவசாயி, வாளிகள் இறங்கியதை எப்படியோ பார்த்துவிட்டு, வேலிப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுக்குத்தான் வரப்போறோம். அந்த வருடம் அமெரிக்கா முழுக்க எல்லோரும் சொன்ன ஜோக் அது. நம்மவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு மனைவி கேட்டார். அந்தக் கிழவரும் அவர் மனைவியும் ஜனவரி குளிரில் வாசலில் வந்து நின்றால் என்ன செய்யப்போகிறாய்? கொடுப்பேன் என்றார். கிழவரின் அண்ணன் குடும்பமும் சேர்ந்து வந்தால்? பதில் இல்லை. அவர்களை விரட்ட மனசு வராது என்றால் இந்தத் துப்பாக்கி யாருக்கு? பெயர் தெரியாதவர்களுக்கு என்றார் அவர். பெயர் தெரியாதவன் என்றால் சுடலாமா என்று மனைவி கேட்டார். பேச்சு சண்டையாகி, இரண்டு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கேள்வியும் வந்துவிட்டது. டிசம்பர் 31 இரவு எங்கள் குழு முழுக்க அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று கம்பெனி அறிவித்தது. அவர் போட்டிருந்த திட்டத்தின் மையமே அந்த இரவில் அவர் வீட்டில் இருப்பதுதான். விடுப்பு கேட்டார், கிடைக்கவில்லை. வேலையை விடலாமா என்று யோசித்தார். கடைசியில் வர ஒப்புக்கொண்டார். நான் எழுதினதை நான்தான் பார்க்கணும் என்று என்னிடம் சொன்னார். அவருடைய பயத்தைவிட அவருடைய தொழில் பெரிதாக இருந்தது. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. அவர் இல்லாத வீட்டில், 17 வயது மகன் ரைஃபிளோடு காவல் இருப்பான் என்று திட்டத்தைத் திருத்தினார்.

மனைவி அன்றே துப்பாக்கி அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுக்காவிட்டால் மகனைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். மொத்த நிகழ்விலும் தெளிவான முடிவு என்று நான் இதைத்தான் சொல்வேன். பயத்தோடு அவர் வாதாடவில்லை. கோதுமை இருக்கட்டும், விளக்கு இருக்கட்டும், உலகம் நிற்கிறதோ இல்லையோ, பையன் கையில் துப்பாக்கி கூடாது, அவ்வளவுதான்.

டிசம்பர் 31 இரவு

காலை முதலே அலுவலக டிவி ஓடியது. நியூசிலாந்து, சிட்னி, டோக்கியோ எல்லாம் விளக்கோடு இருந்தன. மின்துறைக்காரர்கள் தங்கள் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைத்திருப்பார்கள் என்பதால் எங்களூர் நேரம் இரவு ஏழு மணிதான் உண்மையான சோதனை என்று அவரே சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு எழுந்து நின்று சீலிங் விளக்கைப் பார்த்தார். அது அப்படியே எரிந்தது. ஏழரைக்கு முதல்தடவையாக பீட்சாவைத் தொட்டார்.

நள்ளிரவுக்குப் பிறகு எங்கள் இரவு வேலைகள் ஒழுங்காக ஓடின. முகவர் கமிஷன் அறிக்கை ஒன்றின் தலைப்பில் மட்டும் 1900 ஜனவரி 1 என்று அச்சானது. யாரோ எப்போதோ ‘19’ என்பதை நேரடியாக எழுதிவைத்திருந்தார்கள். கணக்கில் தப்பில்லை. அவர் உட்கார்ந்து அதைத் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் நடந்தது வேறு. மனைவி சாயங்காலமே மகனையும் ஒரு கேசரோல் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், நிலவறையில் என்னென்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தத் தம்பதி ஆச்சரியப்படவில்லை. அவர்களிடம் விறகடுப்பு இருந்தது, பழைய தொட்டியில் கைப்பம்பு இருந்தது, உறைபெட்டி நிறையப் பன்றிக்கறி இருந்தது. கரண்ட் போனால் உங்களை இங்கே வரச்சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம், நீங்கள்தான் கொஞ்ச நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றார்கள்.

பிறகு

அமெரிக்கா மொத்தமாக 10,000 கோடி டாலர் செலவழித்ததாக வணிகத் துறை கணக்கிட்டிருந்தது. ஒன்றும் ஆகாததால் எல்லாம் ஏமாற்று என்றார்கள் சிலர். செலவழித்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்றோம் நாங்கள். திருத்தாத நிரல் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவன் என்பதால் எனக்கு இரண்டாவதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வாதத்திலும் ஓட்டை உண்டு. பெரிதாகச் செலவழிக்காத நாடுகளும் பிழைத்துக்கொண்டன. அங்கங்கே சில்லறைக் கோளாறுகள் வந்தன: அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களின் தகவலைப் படிக்கும் தரை நிலையம் சில நாள் தடுமாறியது, நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கடை வாடிக்கையாளருக்கு நூறு வருடத் தாமதக் கட்டணம் போட்டது.

வீட்டில், ஜெனரேட்டரைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. டின் உணவு உணவு வங்கிக்குப் போனது. வீட்டில் அடைத்த கோதுமையை அவர்கள் வாங்கவில்லை. பாதி எதிர்வீட்டுப் பன்றிகளுக்குப் போனது. சேமிப்பை 2000 பிப்ரவரியில் திரும்பப் பங்குகளில் போட்டார். நாஸ்டாக் பங்குக் குறியீடு 1999-ல் 85 சதவீதத்துக்கு மேல் ஏறியதைக் கோட்டைவிட்டவர், மார்ச்சில் உச்சம் தொட்டு விழுந்தபோது சரியாக உள்ளே இருந்தார். ஒய்2கே-யால் அந்தக் குடும்பத்துக்கு வந்த ஆகப்பெரிய நஷ்டம் இதுதான்.

ரைஃபிளை விற்கவில்லை. விலை ஏறும் என்றார் முதலில். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

2003 ஆகஸ்ட் 14

நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். வடக்கு ஓஹையோவில் மின் நிறுவனக் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் மதியம் இரண்டே காலுக்குச் செத்துப்போனது. செத்ததே ஆபரேட்டர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் உயர் அழுத்தக் கம்பிகள் தொங்கி மரத்தில் பட்டு ஒவ்வொன்றாக விழுந்தன. நான்கு மணி பத்து நிமிடத்துக்குள் எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போய்விட்டது. கிளீவ்லாந்தில் பம்புகள் நின்று தண்ணீரும் போனது.

மென்பொருள் கோளாறால் மின்சாரம் போகும் என்று அவர் சொன்னது அவருடைய மாநிலத்திலேயே நடந்தது. தேதி மட்டும்தான் வேறு. காரணமும் தேதிக் கணக்கு இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு செயல்கள் ஒரே தரவைத் தொட்டதால் வந்த சிக்கல்.

அன்று அவர் ஜெனரேட்டரைக் கிளப்பினார். கிளம்பவில்லை. 1999-ல் ஊற்றிய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக உறைந்திருந்தது. எதிர்வீட்டுக்காரரின் மகன் வந்து அதைக் கழற்றி, சிறு துளைகளைக் கம்பி விட்டுத் துடைத்து, இருட்டுவதற்குள் ஓடவைத்தான். கிணற்று மோட்டாருக்கு ஒரு மணி நேரம், எதிர்வீட்டு உறைபெட்டிக்கு ஒரு மணி நேரம் என்று இரவு முழுக்க மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கைப்பம்பு நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் கரண்ட் வந்துவிட்டது. யாரும் கொள்ளையடிக்க வரவில்லை. சாலையோரம் நின்றுபோன ஒரு காரில் இருந்தவர்கள் தண்ணீர் கேட்டு வந்தார்கள், கொடுத்தார்கள்.

என்ன மாறியிருக்க வேண்டும்

அவர் தயாரானதைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இல்லாதது ஒரு நிறுத்தற்குறி. எந்தச் செய்தி வந்தால் என் பயம் குறையும் என்று 1998-லேயே ஒரு தாளில் எழுதிவைத்திருக்கலாம். 1999-இன் 99-ஆம் நாளான ஏப்ரல் 9-ஆம் தேதியும், 9/9/99 என்று எழுதப்படும் செப்டம்பர் 9-ஆம் தேதியும் 9999 என்கிற எண்ணால் கோளாறு வரும் என்று அவர் நம்பினார். இரண்டும் சாதாரணமாகக் கடந்தன. அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நிரலில் ஒரு மாற்றத்தை மூன்று முறை சோதித்தவர், தன் ஊகத்தை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. மின்துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசியிருந்தாலே ரிலேக்கும் பாலிசி நிரலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கும். அப்படி ஒருவர் அவர் போகிற சர்ச்சிலேயே இருந்தார்.

எதிர்வீட்டில் முதலில் பேசியிருந்தால் பாதிச் செலவு மிச்சம். விறகடுப்பே தேவைப்பட்டிருக்காது.

ரைஃபிளைப் பற்றி அவருக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. வீடு எரியாததால் தீ இன்சூரன்ஸ் வீண் என்று சொல்ல முடியுமா என்று அவர் கேட்கிறார், இன்சூரன்ஸ்காரருக்கே உரிய வாதம். ஒரு வருடம் எதிர்வீட்டுக்காரர்களைச் சந்தேகத்தோடு பார்த்ததை எந்த பிரீமியத்தில் சேர்ப்பது என்று மனைவி கேட்கிறார். நான் மனைவி பக்கம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொல்வதைக் கவனிக்க வேண்டும்: காவல் நிலையம் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கிற ஊரில் இருப்பவனின் பயத்தை நகரத்தில் இருந்துகொண்டு எடைபோடாதே என்றார் என்னிடம். வீட்டில் இரண்டு துப்பாக்கி முன்பே இருந்ததே என்று நான் சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

2003-க்குப் பிறகு வீட்டுத் தயாரிப்பு மனைவியின் பொறுப்பு. வீட்டார் வழக்கமாகச் சாப்பிடுகிற உணவிலேயே இரண்டு வாரத்துக்குச் சேர்த்து, பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி, கடைசியில் எரிபொருள் குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை விடுகிறார்கள். கேனில் உள்ள பெட்ரோலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள். துப்பாக்கி அலமாரிச் சாவி மனைவியிடம்தான் இருக்கிறது. நிலவறைச் சாவியின் நகல் ஒன்று எதிர்வீட்டில்.